மீட்டமை

முதலில் ஒரு பெரிய தவறான நம்பிக்கையைத் திருத்திவிடுகிறேன், முபாரக் சார். வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்றே என்று இந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர் எல்லாருமே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிழை. பெரும்பிழை. தெருவிலிருந்து வீட்டுக்கு வருவது இன்டர்நெட். வீட்டுக்குள் அறைக்கு அறை போவது வைஃபை. மாநகராட்சிக் குழாய் வேறு, நம் வீட்டு வாளி வேறு. வாளி ஓட்டையானால் ஊரில் தண்ணீர் இல்லை என்று சொல்லலாமா?

உங்களுக்கு இது தெரியும். பதினாறு வருடமாகக் கேபிள் இழுக்கிறீர்கள் என்று இப்போதுதான் சொன்னீர்கள். தெரிந்தவரிடம் சொன்னால்தானே நாம் சொன்னது சரியா என்று தெரியும்? சரிதானே? நல்லது.

அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் ஏறுங்கள்.

புது இணைப்பு என் மனைவி குமுதவல்லி பெயரில். எதிர்வீட்டுப் பிலோமினா டீச்சரோடு கடைக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டுக்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஹாலில் ஒரு ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னறைக்குத் தனியாக இன்னோர் இணைப்பு எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆபத்துக்கு ஒரு மாற்றுவழி இருக்கட்டும் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான். பெண்களுக்கு முன்யோசனை அதிகம்.

நான் சிவக்கொழுந்து. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். ப்ரூஃப் பார்ப்பது என்றால் உங்களுக்குப் புரியும். பாடப்புத்தகம், பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. மளிகைக் கடைப் பில்லைக்கூடத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். கடைக்காரர் இப்போது எனக்குப் பில் போடுவதில்லை.

குமுதா பதிவுத்துறையில் எழுத்தராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தாள். கடைசியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். பொன்மலை ரயில்வே குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வந்த கதையை எடுத்துக்கொண்டாள். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் வந்தது, யார் வீட்டுப் பெண்கள் யார் வீட்டு வாசலில் குடத்தோடு நின்றார்கள் என்று பழைய மனுக்களைத் தேடி, எண்பது வயசுப் பெண்மணிகளைத் தேடி, மூன்று வருடம் அலைந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எழுதியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நானூற்று ஆறு பிழைதான்.

வகுப்பெல்லாம் வீடியோவில். ஆரம்பத்தில் ஹாலில் உட்கார்ந்துதான் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் திரையில் ஒரு தலைப்பைக் காட்டுகிறார். 'வரலாற்று சான்றுகள்.' ச் இல்லை! முதுகலை வகுப்பு, முபாரக் சார். நான் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்திருந்தேன். அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து, "சார், வரலாற்றுக்குப் பக்கத்துல ஒரு 'ச்' விட்டுப்போச்சு"ன்னு பணிவாகத்தான் சொன்னேன். நாற்பத்திரண்டு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் பெருந்தன்மையானவர், "நன்றிங்க ஐயா" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து குமுதா இந்தப் பின்னறைக்கு மாறிவிட்டாள். ஹாலில் தெருச்சத்தம் அதிகம் என்றாள்.

இந்த அறைக்கோ வைஃபை சரியாக வராது. நடுவில் சமையலறை, பிரிட்ஜ், பாத்திர அலமாரி. செல்போனுக்கும் இங்கே டவர் கிடையாது. வகுப்பில் பேராசிரியர் முகம் அப்படியே உறைந்து நிற்கும், குரல் மட்டும் பின்னாலேயே ஓடிவரும். குமுதா எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஆய்வேட்டைப் பற்றித் தேர்வாளர் கேட்பார், இவள் வீடியோவில் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு வரத் தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. மூன்று வருட உழைப்பு ஒரு வாளி ஓட்டையால் போகலாமா? நான் களத்தில் இறங்கினேன்.

ஒரு வயரை இழுத்திருந்தால் முடிந்திருக்கும் என்கிறீர்கள். பிலோமினா டீச்சரும் இதையேதான் சொன்னார். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். "சார், பதினஞ்சு மீட்டர் வயரு, நாலு கிளிப்பு, அரை மணி நேர வேலை"ன்னு விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எனக்கு அந்தத் தீர்வில் ஆழம் போதவில்லை.

நான் நெட்டில் படித்துக்கொண்டிருந்தேன். ரவுட்டருக்குள்ளே ஒரு மென்பொருள் இருக்கிறது, அதுதான் அதன் மூளை. கம்பெனிக்காரன் வைத்து அனுப்புகிற மூளையை எடுத்துவிட்டு, உலகத்துத் தன்னார்வலர்கள் கூடி எழுதிய இன்னொரு மூளையை வைக்கலாம். திறந்த மூலம். அதாவது உள்ளே எழுதியிருப்பதை எல்லாரும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம்! அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, முபாரக் சார். இத்தனை வருடம் எனக்காகவே காத்திருந்த மென்பொருள்.

சிரிக்கிறீர்கள். மூளையை மாற்றினால் சிக்னல் பிரிட்ஜைத் துளைக்குமா என்றுதானே? அதற்கு வருகிறேன்.

இந்த வேலையில் முக்கியமான ஒன்று, நம் ரவுட்டருக்கு உரிய மென்பொருளையே போட வேண்டும். மாடல் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் போயிற்று, பெட்டி செங்கல்லாகிவிடும். ரவுட்டரைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றாம் பதிப்பு. முதற்பதிப்புக்கும் திருத்திய பதிப்புக்கும் வித்தியாசம் எனக்கா தெரியாது? சரியானதை இறக்கி, கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் வயரால் இணைத்து, வியாழக்கிழமை காலை ஏற்றினேன். விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு ஒன்று மட்டும் கண் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நிலையாக நின்றது. வைஃபையைக் காணோம்.

இரண்டு மணி நேரம், முபாரக் சார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வியர்த்தேன். குமுதா வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, உயிரோட இருக்கா?"

"இருக்கு. மூச்சு விடல."

பிறகு பார்த்தால், இந்த மென்பொருளைப் போட்டதும் வைஃபை அணைந்த நிலையில்தான் இருக்குமாம். நாம்தான் உள்ளே போய்த் திறந்துவிட வேண்டும். நான் அச்செடுத்து வைத்திருந்த நாற்பது பக்க வழிகாட்டியில் அது தடித்த எழுத்தில் கொட்டை கொட்டையாக இருந்தது. தடித்த எழுத்தை நான் படிப்பதில்லை. அது அச்சகத்துப் பழக்கம். பெரிய எழுத்தில் பிழை இருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நம்பித் தாண்டிவிடுவோம். அதனால்தான் எல்லாப் பத்திரிகையிலும் பிழை தலைப்பிலேயே வருகிறது.

ஆனால் திறந்துவிட்ட பிறகு கதையே வேறு. அதற்குத் தமிழ் முகம் உண்டு, தெரியுமா? யாரோ புண்ணியவான்கள் பொத்தான் பொத்தானாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். உடனே மாற்றினேன்.

"இங்கிலீஷ்லயே இருக்கட்டுமே, பழகினதாச்சே" என்றாள் குமுதா.

"நம்ம வீட்டு ரவுட்டர் நம்ம மொழி பேசக் கூடாதா?"

"பேசட்டும். உங்களுக்குப் புரிஞ்சா சரி."

எனக்கா புரியாது!

வைஃபைக்குப் பெயர் வைக்க வேண்டும். என் பெயரை வைக்கலாம் என்று பார்த்தேன். பெயருக்கு முப்பத்திரண்டு இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும், அதன் கொம்புக்கும், புள்ளிக்கும் தனித்தனியே மூன்று மூன்று இடம் வேண்டும். என்ன அநியாயம். சிவக்கொழுந்துக்கு முப்பத்தொன்பது. உள்ளே போகவில்லை. நடுவில் உள்ள 'க்'கை எடுத்துவிட்டால்? சிவகொழுந்து! என்னை நானே பிழையாக அச்சடிப்பதா? மானம் போய்விடாதா? உங்களிடம் மறைப்பானேன், எடுத்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று. அப்போதும் ஓர் இடம் குறைந்தது. குமுதவல்லி என்று போட்டேன். சரியாக முப்பது. "உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. மற்றதைச் சொல்லவில்லை.

அடுத்தது ரவுட்டரின் முகவரி. உள்ளே போய் அமைப்புகளை மாற்ற வேண்டுமானால் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்ணை அடிக்க வேண்டும், கடைசிக்கு முந்தியது '1' என்று இருக்கும். அது எல்லா வீட்டிலும் இருக்கிற எண். இருநூற்று ஐம்பத்தைந்து வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார்கள். தமிழ் எழுத்துகள் எத்தனை? இருநூற்று நாற்பத்தேழு. விடுவேனா? வைத்தேன்.

அன்று மாலை செல்போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடு காட்டிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று கோடு! குமுதா வீடியோ போட்டுப் பார்த்தாள், உறையவில்லை. "நிஜமாவே நல்லாருக்குங்க" என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரு காரியத்துக்கு 'நிஜமாவே' என்ற சொல்லைப் போட்டது அதுதான் முதல்முறை. வயர் எட்டவில்லை என்று ரவுட்டரை மேசையின் மறுமுனைக்கு நகர்த்தி, பிரிட்ஜுக்கு நேராக இல்லாமல் வைத்திருந்தேன் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலையை அப்படியே ஒரு நகலாகச் சேமித்து வைத்தேன். நாளை ஏதாவது கெட்டால் நகலை ஏற்றினால் போதும், வியாழக்கிழமை திரும்பி வந்துவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. குமுதா பச்சைக்கரைப் புடவை கட்டி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஆய்வேடு, மூக்குக்கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் செல்போனோடு வாசலில் நின்றேன்.

"ரெண்டு கோடுதான் காட்டுது."

"ரெண்டு போதும்."

"வியாழக்கிழமை மூணு இருந்துச்சே."

"என்னங்க, இங்க பாருங்க. இன்னைக்கு ஒரு நாளு அதத் தொடாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

தொடக் கூடாது என்று அவள் சொன்னது ரவுட்டரை. நான் ரவுட்டரைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைத்தான் தொட்டேன். சேனல் என்று ஓர் எண் இருக்கிறது, சிக்னல் போகிற அலைவரிசை, அதை ஆறிலிருந்து பதினொன்றாக்கினேன். ஒரு கோடு ஆகிவிட்டது. சரி, பதற வேண்டாம், நகல் இருக்கிறது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். துளை போடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள், இது காதில் விழ வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பொத்தான், ஒன்றின் கீழ் ஒன்று. ஒன்று 'மீட்டமை'. இன்னொன்று 'மீட்டெடு'. நீங்கள் எதை அழுத்துவீர்கள்? ஆராய்ந்து பாருங்கள். மீட்டெடு என்றால் மீட்டு, எடு. அடகு நகையை மீட்டு எடுக்கிறோம். எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். மீட்டமை என்றால் மீட்டு, அமை. இழந்ததை மீட்டு, பழையபடி அமைத்துக் கொடுப்பது. எனக்கு வேண்டியது எது? வியாழக்கிழமையை மீட்க வேண்டும், அமைக்க வேண்டும். இலக்கணம் தெரிந்தவன் எவனும் மீட்டமையைத்தான் அழுத்துவான். இலக்கணம் தெரியாதவன் தப்பித்துவிடுவான்.

அழுத்தினேன். உடனே ஓர் எச்சரிக்கை வந்தது. 'எல்லா அமைப்புகளையும் அழிக்க போகிறீர்கள். தொடரலாமா?'

அழிக்க போகிறீர்கள்! 'ப்' எங்கே? அழிக்கப் போகிறீர்கள் என்றல்லவா வர வேண்டும்? மேசை மேல் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன், மொழிபெயர்ப்புப் பிழைகளையெல்லாம் எழுதி அந்தப் புண்ணியவான்களுக்கு அனுப்புவதற்காக. எடுத்து, இருநூற்றுப் பதினாலாவது பிழையாக இதை எழுதினேன். வரிசை எண் போட்டேன். அடியில் கோடு போட்டேன். திருப்தியாக இருந்தது. திரையில் 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. சரி செய்தாயிற்றே என்று அழுத்திவிட்டேன்.

எல்லா விளக்கும் அணைந்தது.

பிழை பார்க்கிறவன் பொருள் பார்ப்பதில்லை, முபாரக் சார். ஒருமுறை ஒரு கண்ணீர் அஞ்சலியைப் பிழையில்லாமல் திருத்திக் கொடுத்துவிட்டு, மாலையில் அந்த ஆளிடமே போய்ப் பேசலாம் என்று அவர் வீட்டுக்குக் கிளம்பியவன் நான்.

பத்தேகாலுக்குப் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க! நெட்டு போச்சு!"

"ஒரு நிமிஷம் இரு!"

"என்ன செஞ்சீங்க?"

"மீட்டமைச்சேன்!"

உள்ளே போய்ச் சரி செய்துவிடலாம் என்று முகவரியை அடித்தேன். இருநூற்று நாற்பத்தேழு. திறக்கவில்லை. திரும்ப அடித்தேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, கூட்டிப் பார்த்தேன், எண் சரிதான். திறக்கவில்லை. எல்லாம் அழிந்தபோது நான் வைத்த எண்ணும் அழிந்து, பழைய ஒன்றுக்கே போய்விட்டது என்று அப்போது தோன்றவில்லை. ஒன்று என்று அடித்திருந்தால் திறந்திருக்கும், நகலை ஏற்றி நாலு நிமிடத்தில் முடித்திருக்கலாம். நானோ பதினோரு முறை தமிழ் எழுத்துகளை எண்ணினேன்.

குமுதா ஹாலுக்கு வந்து நின்றாள். மடிக்கணினி ஒரு கையில், ஆய்வேடு மறுகையில். மணி பத்து இருபத்திரண்டு. முகம் வெளுத்திருந்தது.

"இதோ, என் செல்லுலேருந்து நெட்டு தர்றேன். ஹால்ல டவர் நல்லா இருக்கு. இங்கயே உக்காரு, நானும் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

அவள் செல்போனைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து பிலோமினா டீச்சர் வீட்டுக்குள் போய்விட்டாள். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு எது கிட்டே இருக்கிறது என்று தெரியாது.

நான் விடுவேனா? ஆய்வேட்டின் திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கேட்டுக்கு உள்ளே டீச்சர் நிற்கிறார். கேட்டில் கொக்கி மாட்டியிருக்கிறது.

"சார், நீங்க வெளியிலயே இருங்க."

"ஒரு பிரதி கொடுக்கணும் டீச்சர்."

"குமுதா சொல்லிட்டுப் போயிருக்கா, யாரையும் உள்ள விடாதீங்கன்னு."

"யாரையும்னா வெளியாள யாரையும்னு பொருள். கணவன் அதுல அடங்க மாட்டான்."

"பேரும் சொல்லிட்டுத்தான் சார் போனா."

சரி, அங்கேயே மதிலோரம் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது, தெளிவாகக் கேட்டது. ஒரு தரம்கூட உறையவில்லை. தேர்வாளர் கேள்வி கேட்கிறார், இவள் மடமடவென்று சொல்கிறாள். எந்தத் தெரு, எந்த வருடம், எந்த மனு, யார் கையெழுத்து. கையில் காகிதம் புரட்டுகிற சத்தமே இல்லை. என் வீட்டில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொள்வாள். தடுமாறினால் எடுத்துக் கொடுப்பேன் என்ற நம்பிக்கை.

"அப்போது அங்கே ஒரு ஆங்கிலேய அதிகாரி..." என்றாள்.

"ஓர்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ஜன்னலுக்குள் கேட்டுவிட்டது. டீச்சர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

இருபது நிமிடம் என்று சொன்ன தேர்வு ஐம்பது நிமிடம் நடந்தது. முடிந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம். டீச்சர் சிரிப்பு எனக்குத் தெரியும். இன்னொரு சிரிப்பு யாருடையது என்று சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பு, முபாரக் சார். இதையே விரித்து முனைவர் பட்டத்துக்குச் செய்யலாமே என்று தேர்வாளரே கேட்டாராம். செய்கிறாள். அடுத்த மாதம் பதிவு. இன்னும் ஐந்து வருடம் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, முகவரியில் இருந்த அந்தப் பழைய '1' ஞாபகத்துக்கு வந்தது. நகலை ஏற்றினேன், மீட்டெடு என்ற பொத்தானால். நொடியில் வியாழக்கிழமை வந்துவிட்டது. மூன்று கோடு. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அறுந்ததில்லை. குமுதாதான் காலையிலும் மாலையிலும் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். பாவம், ஒருமுறை சூடுபட்டதில் இந்த ரவுட்டர் மீது நம்பிக்கை போய்விட்டது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ரவுட்டரில் இப்போது ஒரு கோளாறும் இல்லை என்று. "ரவுட்டர நான் ஒண்ணும் சொல்லலியே" என்கிறாள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இருநூற்றுப் பதினாலு திருத்தமும் அனுப்பினேன். 'மீட்டமை' குழப்புகிறது, 'தொடக்கநிலைக்குத் திருப்பு' என்று மாற்றுங்கள் என்று நாலு பக்கம் காரணத்தோடு எழுதினேன். யாரோ ஓர் இளங்கோதை பதில் போட்டிருந்தார். 'நன்றி ஐயா, மாற்றுகிறோம். ஆனால் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்திருக்குமே, நீங்கள் படிக்கவில்லையா?' எப்படிக் கேட்கிறார், பாருங்கள். படித்தேன் என்றுதான் எழுதினேன். படித்ததற்குச் சான்று இருநூற்றுப் பதினாலாம் எண்.

இருங்கள், இருங்கள். கேபிளை அந்த வழியாகக் கொண்டுவர வேண்டாம், இந்தப் பக்கம் மூலையோடு ஏற்றிவிடுங்கள். கதவு நிலையில் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறாள் குமுதா. வருகிற வியாழக்கிழமை ஆசாரி வந்து உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைக்கிறார்.